கண்ணுக்கு மருந்தா, கண்கட்டு வித்தையா?

2019 ஜூலை 9 அன்று பெங்களூரு மின்டோ அரசு கண் மருத்துவமனையில் 24 பேருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. தனியார் மருத்துவமனையின் வாசலை மிதிக்க வசதியற்ற முதியவர்களே அங்கு வருவோரில் மிகுதி. பார்வை தெளியும் என்று நம்பி வந்தவர்களில் பலருக்குச் சில நாட்களுக்குள்ளாகவே கண் சிவந்தது, வலித்தது, சீழ் கொண்டது. இறுதியில் பத்துப் பேர் அறுவை செய்யப்பட்ட கண்ணின் பார்வையை இழந்தனர். அறுவையின்போது கண்ணுக்குள் செலுத்தப்பட்ட பாகு போன்ற ஜெல்லில் சூடோமோனாஸ் என்னும் கொடிய பாக்டீரியா கலந்திருந்ததே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. அரசு அறிவித்த இழப்பீடு தலைக்கு 3 லட்சம் ரூபாய்.

அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, இழப்பீடு கோரி மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு கன்னட அமைப்பினர் இளநிலை மருத்துவர் ஒருவரைத் தாக்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மக்களின் நியாயமான கோபம் மொழிவெறியாகத் திருப்பிவிடப்பட்டது. ஜெல்லைத் தயாரித்தது யார், சோதித்தது யார், சோதிக்காமலே மருத்துவமனைக்கு அனுப்பியது யார் என்ற கேள்விகள் கூச்சலில் அமுங்கிப்போயின. பணியில் நின்ற ஓர் இளம் பெண் மருத்துவர்தான் குற்றவாளி போல ஆக்கப்பட்டார்.

இந்தக் கதையை இன்று நினைவூட்டக் காரணம் உண்டு. கண் தொற்றுக்கு மூலிகை ஜெல் என்பது இப்போது ஆய்வுக்கூடங்களிலும் விளம்பரங்களிலும் ஒருசேரப் பேசப்படும் பொருள். "மூலிகைதானே, கெடுதல் என்ன?" என்பதே அந்த விளம்பரங்களின் மூல மந்திரம். ஆனால் கண்புரை அறுவையில் நம் அரசு மருத்துவமனைகள் பெரிதும் பயன்படுத்தும் ஜெல் எதிலிருந்து வருகிறது? மரக்கூழிலும் பஞ்சிலும் உள்ள செல்லுலோசிலிருந்து. அதுவும் தாவரம் தந்ததே. தாவரத்திலிருந்து வந்தது என்ற ஒரே தகுதி எந்தக் கண்ணையும் காப்பாற்றாது. கிருமி நீக்கமும், தரச் சோதனையும், அவற்றுக்குப் பொறுப்பேற்கும் பொது நிறுவனமுமே காக்கும்.

ஜெல் எவருக்குத் தேவை?

மூலிகை ஜெல் ஆய்வே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. கண்ணில் விடும் ஒரு சொட்டு மருந்தில் பெரும்பகுதி கண்ணீரோடு கலந்து கன்னத்தில் வழிகிறது. அல்லது மூக்கின் வழியே தொண்டைக்கு இறங்குகிறது. நூற்றில் ஐந்து பங்குகூடக் கண்ணின் உட்பகுதியைச் சேர்வதில்லை. ஆகவேதான் கருவிழிப் புண் வந்தவருக்கு மணிக்கொருமுறை சொட்டு விடுமாறு மருத்துவர் எழுதித் தருகிறார். மணிக்கொருமுறை சொட்டு விட, நாற்று நடும் பெண்ணுக்கு யார் விடுப்புத் தருவார்? கல் குவாரித் தொழிலாளிக்கு யார் கூலி தருவார்? மருந்து கண்ணிலேயே தங்கி மெல்ல மெல்ல வேலை செய்யுமானால், அதனால் முதலில் பயனடையும் வர்க்கம் எது என்று சொல்லத் தேவையில்லை.

இந்தத் தேவைக்கு விடையாகத்தான் ஜெல் பிறந்தது. சொட்டாக விழுந்து, கண்ணின் வெப்பத்தாலோ கண்ணீரின் உப்பாலோ கூழாக மாறும் வகை மருந்துகளைப் பெங்களூரின் மருந்தியல் கல்லூரி மாணவர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். இறைச்சிக் கூடத்திலிருந்து ஆட்டின் கண்ணை வாங்கிவந்து, அதன் கருவிழிப்படலத்தைப் பிரித்தெடுத்து, மருந்து எவ்வளவு நேரத்தில் ஊடுருவுகிறது என்று அளக்கிறார்கள். மஞ்சள், வேம்பு, மரமஞ்சள், துளசி ஆகியவற்றின் சாறு பாக்டீரியாவைக் கொல்கிறதா என்று கண்ணாடித் தட்டில் பார்க்கிறார்கள். நம் அடுப்படியில் எறியப்படும் புளியங்கொட்டையின் பசைகூட இத்துறையில் மதிப்புள்ள பொருள். கண்ணின் மேற்பரப்பில் ஒட்டி நிற்கும் அதன் இயல்பைப் பயன்படுத்திய சொட்டு மருந்துகள் ஐரோப்பாவில் விற்பனையாகின்றன. நூற்பாலைத் தொழிலாளர்கள் பாவு நூலுக்குக் கஞ்சியாக அறிந்த அதே பசைதான்.

மாணவர்களின் உழைப்பு நேர்மையானது. ஆனால் கண்ணாடித் தட்டில் பாக்டீரியா சாவதற்கும் மனிதக் கண்ணில் புண் ஆறுவதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது. சாறு கிருமியற்றதாக இருக்க வேண்டும். கண்ணீரின் அமில காரச் சமநிலையோடு ஒத்துப்போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துகள்கூட இருத்தலாகாது. ஒரே செடியின் வேர் ஒரு மாவட்டத்தில் ஒரு வீரியமும், வேறொரு மாவட்டத்தில் வேறொரு வீரியமும் காட்டும். குப்பிக்குக் குப்பி ஒரே அளவு மருந்து இருப்பதை நிறுவ வேண்டும். அதன்பின் மனிதர்களிடம் கட்டுப்பாடான சோதனை. இவ்வளவுக்கும் பணம் வேண்டும், ஆண்டுகள் வேண்டும், மருத்துவமனை வேண்டும். இவை மாணவரிடம் இல்லை. பட்டம் கிடைத்ததும் ஆய்வேடு நூலக அலமாரிக்குப் போகிறது. அந்த வெற்றிடத்தில்தான் வணிகன் நுழைகிறான்.

தானே ஆறும் நோய், தானே வளரும் வணிகம்

வணிகனின் தலையாய துணை அறியாமையன்று, நோயின் இயல்பே. 2023 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பெங்களூரு உட்பட நாடெங்கும் மெட்ராஸ் ஐ பரவியது. பெரும்பாலும் வைரசால் வரும் இந்நோய், எதுவும் செய்யாவிட்டாலும் ஓரிரு வாரங்களில் தானே அடங்கும். அந்த வாரத்தில் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவரும் குணமடைந்தார்; 60 ரூபாய் மூலிகைச் சொட்டு வாங்கியவரும் குணமடைந்தார்; வெறும் நீரால் கழுவியவரும் குணமடைந்தார். ஆனால் புகழ் மட்டும் குப்பியை விற்றவருக்குப் போயிற்று.

கருவிழிப் புண் அவ்வாறன்று. 1993-ஆம் ஆண்டு நிலவரத்தைக் கொண்டு மதுரை மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஆய்வு, ஒரு லட்சம் பேருக்கு 113 பேர் வீதம் கருவிழிப் புண்ணுக்கு ஆளாவதைக் காட்டியது. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் காணப்பட்ட அளவைவிட இது ஏறத்தாழ பத்து மடங்கு. கதிர் அறுக்கையில் தாள் கீறுகிறது. களத்தில் உமி தெறிக்கிறது. கட்டுமானத் தளத்தில் மணல் விழுகிறது. அந்தக் கீறலில் பூஞ்சையோ பாக்டீரியாவோ குடியேறுகிறது. இது வர்க்க நோய். கணினித் திரைக்கு முன் அமர்ந்திருப்பவரைவிடக் கதிரும் கல்லும் கையாளுபவரையே இது தேடிவருகிறது. தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பெங்களூருக்குக் கொத்து வேலைக்கு வந்த நம் தமிழ்த் தொழிலாளர்கள் இதற்கு முதல் இலக்கு.

இந்தப் புண்ணுக்கு இரண்டு மூன்று நாள் தாமதமே பார்வைக்கு எமன். மெட்ராஸ் ஐக்குக் "கேட்ட" குப்பியை நம்பி அதே குப்பியைக் கருவிழிப் புண்ணுக்கும் விட்டுக்கொண்டு காத்திருப்பவர், மருத்துவமனைக்கு வரும்போது கண் வெளுத்துப்போயிருக்கிறது. மருந்துக்கடைக்காரர் சீட்டில்லாமல் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு சொட்டும் பூஞ்சைப் புண்ணுக்கு உரமிடும் கொடுமையே. மூடநம்பிக்கை பச்சை நிறக் குப்பியில் மட்டும் வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தடுப்பதற்கு வழி இல்லையா? இருக்கிறது. நேபாளத்தின் பக்தபூரிலும், பின்னர் நம் தென்னிந்தியக் கிராமங்களிலும் நடந்த முயற்சிகள் எளிய பாடம் ஒன்றைத் தந்தன. கண்ணில் கீறல் பட்டவுடன் கிராம சுகாதாரப் பணியாளரிடம் வந்து மலிவான களிம்பைத் தடவிக்கொண்டவர்களுக்குப் புண் ஏற்படுவது பெரிதும் தடுக்கப்பட்டது. அங்கே வென்றது விந்தை மருந்தன்று, காலமும் அமைப்பும்.

இரண்டு வாசல்கள்

ஒரே செடிக்கு நம் நாட்டுச் சட்டம் இரண்டு வாசல்களைத் திறந்துவைத்திருக்கிறது. மரமஞ்சளிலிருந்து சத்தைச் சுத்திகரித்து, "தாவர மருந்து" என்ற 2015-ஆம் ஆண்டு விதிப்படி ஒன்றிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் போனால், மனிதச் சோதனைத் தரவு கேட்பார்கள். அதே மரமஞ்சளை "ஆயுர்வேதத் தயாரிப்பு" என்று பெயரிட்டு மாநில உரிம அதிகாரியிடம் போனால், பழைய நூலில் பெயர் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. செயல்திறனுக்குச் சிறியதொரு முன்னோடி ஆய்வே போதும். கண் ஒன்றுதான், கிருமி ஒன்றுதான், வாசல் மட்டும் இரண்டு. எந்த வாசலில் கூட்டம் மொய்க்கும் என்று ஊகிக்க அரசியல் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வாசலுக்குக் காவல் நிற்க வேண்டியவர்கள் என்ன செய்தார்கள்? குருட்டுத்தன்மை, கண்புரை, கண் நீர் அழுத்தம், டிரக்கோமா ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டமே தடை செய்கிறது. அச்சட்டம் இருந்தும் பதஞ்சலி குழுமத்தின் விளம்பரங்கள் ஆண்டுக்கணக்கில் ஓடின. இந்திய மருத்துவச் சங்கம் 2022-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 2024 ஏப்ரலில், நீதிமன்றத்தின் சவுக்கடி விழுந்த பிறகே, உத்தராகண்ட் உரிம அதிகாரிக்கு விழிப்பு வந்தது. "திருஷ்டி" என்ற கண் சொட்டு மருந்து உட்பட அக்குழுமத்தின் 14 தயாரிப்புகளின் உரிமங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அடுத்த மாதமே அந்த நிறுத்தமும் நிறுத்தப்பட்டது.

இன்னும் வெட்கக்கேடானது 170-ஆம் விதியின் கதை. ஆயுஷ் மருந்துகளின் விளம்பரத்துக்கு முன்அனுமதி வேண்டும் என்று 2018-இல் கொண்டுவரப்பட்ட விதி அது. அந்த விதியின்கீழ் நடவடிக்கை வேண்டாம் என்று 2023 ஆகஸ்டு 29 அன்று ஆயுஷ் அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 2024 ஜூலை 1 அன்று விதியையே நீக்கி ஆணையிட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடித்து வைக்கப்பட்டதும் அந்தத் தடையும் முடிந்துபோனது. முனிவர்களின் பெயரால் பேசும் அரசு முதலாளிகளின் விளம்பரத்துக்குக் காவல் நின்றது என்பதே இதன் சாரம். பழம்பெருமை இங்கே பண்பாடாக இல்லை; விற்பனை உத்தியாக இருக்கிறது.

"பாரம்பரியத்தைச் சோதிப்பது மேற்கத்திய ஆணவம்" என்பது இவர்கள் எப்போதும் வீசும் கணை. நம் சித்தர் மரபின் மருத்துவர்கள் நோயாளியின் நாடியைப் பார்த்தார்கள், மருந்துக்குப் பத்தியம் சொன்னார்கள், மருந்தின் பக்குவத்தைப் புடமிட்டுப் பார்த்தார்கள். தம் காலத்துக்கு எட்டிய கருவிகளால் சோதித்தவர்கள் அவர்கள். நுண்ணோக்கி வந்த பின்னும் நுண்ணோக்கியைத் தொடமாட்டேன் என்பவர் அந்த மரபுக்கு வாரிசு அல்லர். அதன் பெயர்ப்பலகையைத் திருடியவர்.

ஏளனமும் தீர்வன்று

மறுபுறம், மூலிகை என்றாலே முகம் சுளிக்கும் ஒரு கூட்டமும் உண்டு. அறிவியலின் பெயரால் பேசினாலும் அவர்களும் அறிவியலுக்கு நியாயம் செய்வதில்லை. கண் நீர் அழுத்தத்துக்குத் தரப்படும் பிலோகார்பின், தென்னமெரிக்கப் பழங்குடியினர் அறிந்த ஜபோராண்டி செடியிலிருந்து 1875-இல் பிரித்தெடுக்கப்பட்டது. கண்பாவையை விரிக்கும் அட்ரோபின் பெல்லடோனாவின் கொடை. மலேரியாவை வென்ற ஆர்ட்டெமிசினின் எங்கிருந்து வந்தது? 1967-இல் மக்கள் சீனம் தொடங்கிய 523-ஆம் திட்டத்தில் பணியாற்றிய தூ யூயூ, பழைய சீன மருத்துவ நூலில் குறிப்பைக் கண்டார். குளிர்ந்த முறையில் சாறெடுக்க வேண்டும் என்று ஊகித்தார். தம் உடலிலேயே முதலில் சோதித்தார். 2015-இல் நோபல் பரிசு பெற்றார். பழைய நூல் கேள்வியைத் தந்தது. ஆய்வுக்கூடம் விடையைத் தந்தது. அரசு செலவை ஏற்றது. இம்மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆர்ட்டெமிசினின் இல்லை.

நம்மிடமும் அத்தகைய தொடக்கம் இருந்தது. மரமஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பெர்பெரினைச் சொட்டு மருந்தாக்கி, டிரக்கோமா நோயாளிகளிடம் சல்ஃபாசெட்டமைடோடு ஒப்பிட்ட ஆய்வுகள் 1982-இலேயே இந்திய மருத்துவ இதழ்களில் வெளிவந்தன, முடிவுகள் ஊக்கமளித்தன. அந்தத் தொடக்கம் பெரிய சோதனையாக வளரவில்லை. பெர்பெரின் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெறவும் இல்லை. டிரக்கோமா பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியாவில் ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும், முகம் கழுவ நீரும், கழிப்பறையும் சேர்ந்து பெற்ற வெற்றி அது. ஆனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் இந்நாளில், பெர்பெரின் போன்ற தொடக்கங்களைப் பாதியில் விட்டுவிடுவது ஊதாரித்தனம்.

ஏளனக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 2023-இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டோடு தொடர்புடைய சூடோமோனாஸ் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரைப் பற்றியது. 4 பேர் மாண்டனர். 14 பேர் பார்வை இழந்தனர். நால்வரின் கண் அகற்றப்பட்டது. அந்தச் சொட்டு தயாரானது நம் செங்கல்பட்டு மாவட்டம் ஆலத்தூரின் தனியார் ஆலையில். திறக்கப்படாத மாதிரிகளில் கிருமி இல்லை என்று இந்திய அதிகாரிகள் கூறினர். ஆலையைப் பார்வையிட்ட அமெரிக்க மருந்து நிர்வாகமோ, கிருமியற்ற தயாரிப்பு முறையில் பல குறைகளைப் பட்டியலிட்டது. அங்கே மூலிகையும் இல்லை, முனிவரும் இல்லை. இருந்தது லாப வேகமும் தளர்ந்த கண்காணிப்பும். ஆகவே "ஆங்கில மருந்தா, நாட்டு மருந்தா" என்ற பட்டிமன்றம் நம்மைத் திசைதிருப்பவே உதவும். சோதனையா, சோதனையின்மையா, பொது நலமா, தனி லாபமா என்பதே கேள்வி.

யார் ஆக்குவது? யார் காப்பது?

இந்தக் கேள்விக்கு விடை தேட அதே பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைக்குப் போனால் போதும். 1981-இல் தொடங்கப்பட்ட கர்நாடக ஆன்டிபயாடிக்ஸ் பொதுத்துறை ஆலை அங்கிருக்கிறது. கிருமியற்ற மருந்து தயாரிப்பதில் பல்லாண்டு அனுபவமுள்ள தொழிலாளர்கள் அங்கிருக்கிறார்கள். நகரில் மருந்தியல் கல்லூரிகள் இருக்கின்றன. நூறாண்டு கடந்த மின்டோ இருக்கிறது. ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆய்வேட்டிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து மருத்துவமனைக்கும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவே. அந்தப் பாதையை இணைக்க வேண்டிய ஒன்றிய அரசு, அந்த ஆலையை விற்பனைப் பட்டியலில் சேர்த்தது. 2016 டிசம்பரில் ஐ.டி.பி.எல். ஆலையை மூட முடிவெடுத்தது. அல்மோரா மாவட்டத்தின் மோகனில் ஆயுர்வேத மருந்து தயாரிக்கும் பொதுத்துறை நிறுவனத்தையும் ஏலத்துக்கு நிறுத்தியது. ஆயுர்வேதத்தின் மீது இவர்களுக்கு இருக்கும் பக்தி இதுதான்: மேடையில் ஆரத்தி, அரசு ஆயுர்வேத ஆலைக்கு ஏலச் சுத்தி!

மூலிகையைத் தரும் காடும் காட்டு மக்களும் என்ன ஆனார்கள்? மேற்குத் தொடர்ச்சி மலையின் மரமஞ்சள் கொடி தண்டோடு வெட்டப்பட்டு அருகிவிட்டது. அதன் ஏற்றுமதி தடை செய்யப்பட்டிருக்கிறது. மூலிகை வணிகத்தின் லாபத்தில் உள்ளூர் மக்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று 2018 டிசம்பரில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் திவ்யா பார்மசி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023-இல் உயிரியல் பன்மயச் சட்டம் திருத்தப்பட்டது. நூல்களில் பதிவான பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்குப் பங்கு தருவதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அறிவு பழங்குடியினருடையது, உழைப்பு பழங்குடியினருடையது, லாபம் மட்டும் குழுமத்தினுடையது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. கண்ணில் இடும் எந்த மருந்துக்கும், அது எந்த மரபின் பெயரில் வந்தாலும், ஒரே வாசல், ஒரே சோதனை, ஒரே கிருமி நீக்க விதி இருக்க வேண்டும். விளம்பரத்துக்கு முன்அனுமதி விதியை மீண்டும் கொண்டுவர வேண்டும். அரசு மருத்துவமனைக்கு வாங்கப்படும் ஒவ்வொரு தொகுதிக் கண் மருந்தும் அரசு ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பின்னரே நோயாளியிடம் போக வேண்டும். மருந்தியல் கல்லூரிகளின் நம்பிக்கையூட்டும் ஆய்வுகளை மனிதச் சோதனை வரை கொண்டுசெல்லப் பொது நிதி ஒதுக்க வேண்டும். அவற்றைத் தயாரிக்கும் பொறுப்பு பீன்யாவின் ஆலைக்கும், தமிழ்நாட்டின் டாம்ப்கால் போன்ற நிறுவனங்களுக்கும் தரப்பட வேண்டும். மூலிகை சேகரிக்கும் மக்களுக்கு லாபத்தில் சட்டப்படியான பங்கு வேண்டும்.

கோரிக்கைக்குக் காத்திராமல் தோழர்கள் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்திலும், கட்டுமானத் தொழிலாளர் சங்கக் கூட்டத்திலும் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்லலாம்: கண்ணில் கீறல் பட்டால் பச்சிலைச் சாறும் வேண்டாம், கடைக்காரர் தரும் சொட்டும் வேண்டாம், அன்றே அரசு மருத்துவமனைக்குப் போ. அறுவடைக் களத்தில் ஒரு கண் பிழைத்தால், அதுவும் வர்க்கப் போராட்டத்தின் கணக்கில் சேரும்.